திருத்தணி எப்படிப் படைவீடு ஆயிற்று?

ஐப்பசி மாதக் கந்த சஷ்டியின் ஆறாம் நாள் மாலையில் திருச்செந்தூர்க் கடற்கரை மணலில் நிற்க இடமிருக்காது. யானைமுகம், சிங்கமுகம் என்று தலை மாற்றி மாற்றி வரும் சூரனை வேல் வீழ்த்தும். தமிழ்நாட்டு முருகன் கோயில்கள் பலவற்றிலும் அன்றைக்குப் போர்தான். திருத்தணி மலையில் போர் கிடையாது. சூரசம்ஹாரம் நடக்க வேண்டிய நாளில் அங்கே கூடை கூடையாகப் பூக்களைச் சொரிந்து சுவாமிக்குப் புஷ்பாஞ்சலி செய்கிறார்கள். காரணம் கேட்டால் அர்ச்சகரிடமிருந்தும் படியோரம் பூ விற்பவரிடமிருந்தும் ஒரே பதில்தான் வரும்: இது சாமியின் கோபம் தணிந்த இடம்.

போரின் சினம் தணிந்த மலைக்குப் 'படைவீடு' என்ற பெயர் எங்கிருந்து வந்தது? படைவீடு என்பது கோயிலைக் குறிக்கப் பிறந்த சொல் அன்று. அது பட்டாளத்துச் சொல். படை தங்கும் இடத்துக்குப் பெயர். அறுபடை வீடு என்று நாள்தோறும் சொல்லிப் பழகிவிட்டதால் அதற்குள் இருக்கும் படையை நாம் கவனிப்பதில்லை. கவனித்தால் ஒரு நீண்ட வரலாறு திறக்கிறது. திருத்தணியைச் சுற்றியுள்ள மண்ணின் வரலாறும் அதில் அடக்கம்.

பழந்தமிழில் ஆயுதமும் படைதான், ஆயுதம் ஏந்திய கூட்டமும் படைதான். உழவனின் கலப்பைக்கும் அந்தப் பெயர் உண்டு. ஏர் ஓடிய தடத்தைப் படைச்சால் என்கிறோம். குழந்தை கழுத்தில் கட்டிய ஐம்படைத்தாலியில் இருப்பவை திருமாலின் ஐந்து ஆயுதங்கள். கூட்டம் என்ற பொருளில் வரும்போது உட்பிரிவுகளுக்கும் தனிப்பெயர்கள் இருந்தன. முன்னே செல்வது தூசி, தார். பின்னே வருவது கூழை. வள்ளுவர் அரசனுக்கு உரிய ஆறு உறுப்புகளை அடுக்கும்போது படையைத்தான் முதலில் வைக்கிறார். அவருக்கு உரை எழுதிய பரிமேலழகர் படைமாட்சி அதிகாரத்தில் படையை ஆறு வகையாகப் பிரிக்கிறார்: மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை. தலைமுறை தலைமுறையாக அரசனைச் சார்ந்து வாழ்ந்த மூலப்படையே இவற்றில் சிறந்தது என்பது அவர் தீர்ப்பு. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலும் இதே ஆறு பிரிவு உண்டு. ஆக, 'ஆறு படை' என்ற எண்ணிக்கை முருகன் கோயில்களோடு சேருவதற்கு முன்பே போர்நூல் மரபில் ஊன்றியிருந்தது.

படை தங்கும் இடத்துக்குத் தமிழில் எத்தனை பெயர்கள்! பாசறை, கட்டூர், பாடி, பாடிவீடு, படைவீடு, தண்டு, பாளையம். இவற்றில் பாசறையை நம் கண்முன் நிறுத்தும் நூல் முல்லைப்பாட்டு. பத்துப்பாட்டில் மிகச் சிறியது, 103 அடிகள்தான். நப்பூதனார் அதில் காட்டும் பாசறையில் காட்டை வெட்டித் திருத்தி முள்வேலி கட்டியிருக்கிறார்கள். உள்ளே தெருக்கள் உண்டு. நாற்சந்தியில் நிற்கும் யானை கரும்பைத் தின்னாமல் அதை நெற்றியில் தேய்த்துக்கொண்டு நிற்கிறது. பாகர்கள் வடமொழிச் சொற்களைச் சொல்லி அதை உண்ண வைக்கப் பார்க்கிறார்கள். அரசனின் கூடாரத்தை யவனர் காக்கிறார்கள். கச்சில் வாள் செருகிய பெண்கள் விளக்குகளுக்கு எண்ணெய் வார்த்துத் திரி ஏற்றுகிறார்கள். நீர்க்கடிகையைப் பார்த்து நாழிகை சொல்ல ஆள் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவே அரசன் தூங்காமல் இருக்கிறான். நேற்றுப் புண்பட்ட யானைகளும், அம்பு தைத்துத் தீனி எடுக்காத குதிரைகளும் அவன் நினைவில் இருக்கின்றன. இந்தப் பாட்டில் சண்டைக் காட்சி கிடையாது. பாசறை என்பது போர் நடக்கும் இடமன்று. போருக்கு நடுவே மூச்சு விடும் இடம்.

படைவீடு என்ற சொல்லிலும் இந்தப் பொருள்தான் இருக்கிறது. வீடு என்பது 'விடு' என்னும் வினையிலிருந்து வருவது. விட்டு இளைப்பாறும் இடம் வீடு. பற்றை விட்ட நிலைக்கும் வீடு என்றே பெயர். ஆயுதத்தை இறக்கிவைத்து, குதிரையின் சேணத்தைக் கழற்றி, அடுப்பு மூட்டும் இடம் படைவீடு. களம் வேறு, வீடு வேறு. திருத்தணி பற்றிய கேள்விக்கு இந்த வேறுபாடுதான் திறவுகோல் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஆறு தலங்களின் பட்டியல் எங்கே தொடங்குகிறதோ அங்கே படைவீடு என்ற சொல்லே இல்லை. பட்டியலின் மூலம் நக்கீரரின் திருமுருகாற்றுப்படை. 317 அடிகள் கொண்ட அந்தப் பாட்டு பத்துப்பாட்டின் முதல் நூல். சைவத் திருமுறைகளில் பதினோராம் திருமுறையிலும் அதற்கு இடம் உண்டு. திருப்பரங்குன்றம், திருச்சீரலைவாய் (திருச்செந்தூர்), திருவாவினன்குடி (பழனி), திருவேரகம் (சுவாமிமலை), குன்றுதோறாடல், பழமுதிர்சோலை என ஆறு பகுதிகள். இங்கே 'படை' வருவது நூலின் பெயரில் மட்டும்தான். அதுவும் வேறு பொருளில். ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்துதல் என்றால் வழிப்படுத்துதல், இன்னாரிடம் போ என்று அனுப்பிவைத்தல். பரிசில் பெற்று வரும் பாணன், இன்னும் பெறாத பாணனுக்கு வள்ளலின் ஊருக்கு வழி சொல்லும் இலக்கிய வகை அது. நக்கீரர் வள்ளல் இருந்த இடத்தில் முருகனை வைத்தார். ஆற்றுப்படை நாவில் திரிந்து ஆறுபடை ஆகி, ஆறு என்பது எண்ணாகி, படை சேனையாகி, பின்னால் வீடும் வந்து சேர்ந்து 'ஆறுபடை வீடு' பிறந்தது என்பது தமிழறிஞர் பலரும் ஏற்ற விளக்கம். 17-ஆம் நூற்றாண்டில் கந்தர் கலிவெண்பா பாடிய குமரகுருபரர்கூட இவற்றை ஆறு திருப்பதி என்றுதான் குறிப்பிடுகிறார்.

இந்த விளக்கம் சரியானதே. ஆனால் இது பாதிதான். சொல் திரிந்தது எப்படி என்று அது சொல்கிறது. திரிந்த சொல் இந்த அளவுக்கு ஏன் ஒட்டிக்கொண்டது என்று சொல்வதில்லை. பிழையாகப் பிறந்த சொற்கள் ஆயிரம் உதிர்ந்துபோயிருக்கின்றன. இது நின்றதற்குக் காரணம், முருகன் என்றாலே படை என்று மக்கள் மனத்தில் ஏற்கெனவே பதிந்திருந்ததுதான்.

மகாபாரதத்தின் வனபர்வத்தில் கந்தன் தேவர்களின் சேனாபதி ஆகிறான். தளபதிகளில் நான் கந்தன் என்று கீதையில் கண்ணன் சொல்கிறான். வனபர்வத்தில் இந்திரன் கந்தனுக்குக் கொடுக்கும் மணப்பெண்ணின் பெயர் தேவசேனை. தேவசேனை என்றால் தேவர்களின் படை. ஒரு படைப்பிரிவின் பெயரே பெண்ணுருக் கொண்டு தளபதியின் மனைவியாகிறது. தமிழில் அவள் தெய்வயானை, தெய்வானை. சேனை யானையாக மாறியபின் அதற்கேற்ற கதையும் வளர்ந்தது: ஐராவதம் அவளை வளர்த்தது என்று. திருத்தணிக் கோயிலில் சன்னிதிக்கு முன்னுள்ள யானை, மற்ற கோயில் வாகனங்களைப்போல் சுவாமியைப் பார்க்காமல் கிழக்கே வெளிப்புறம் பார்த்து நிற்கிறது. மகளுக்குச் சீராக ஐராவதத்தைக் கொடுத்தபின் வானுலகின் செழிப்புக் குறைந்ததாம். யானையின் பார்வையாவது தன் உலகின்மேல் இருக்கட்டும் என்று இந்திரன் வேண்டிக்கொண்டானாம். தல வரலாறு இப்படிச் சொல்கிறது. சேனை என்ற படைச்சொல் யானையாகி, கல் யானையாக அந்த மலையில் நின்றுகொண்டிருக்கிறது.

காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் இயற்றிய கந்தபுராணம் இந்தப் படைக் கற்பனையை முழு அளவில் விரிக்கிறது. வீரபாகு முதலான நவவீரர்கள், அவர்களுக்குத் துணையாக ஓர் இலட்சம் வீரர்கள். இரண்டையும் சேர்த்து இலக்கத்தொன்பதின்மர் என்று வழங்குவர். பூதப்படையின் அளவு இரண்டாயிரம் வெள்ளம். அந்தப் படை போருக்கு முன் பாசறை அமைத்துத் தங்கும் இடம் திருச்செந்தூர். வீரபாகு தூது போவது அங்கிருந்துதான். போர் முடிந்து, தெய்வயானையை மணக்கும் இடம் திருப்பரங்குன்றம். பிறகு வள்ளிமலையில் வேடர்களோடு பூசல். வள்ளியோடு முருகன் வந்து அமரும் இடம் தணிகை. சூரனோடு செய்த போரின் சினமும் வேடரோடு செய்த போரின் சினமும் தணிந்த இடம் இது என்று முருகனே வள்ளியிடம் சொல்வதாகப் புராணம் அமைக்கிறது. மலைக்கு அது தரும் பெயர் செருத்தணி. செரு என்றால் போர்.

இங்கே ஒரு கல்வெட்டுச் சான்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். மலைக்குக் கீழே ஊரில் வீரட்டானேசுவரர் கோயில் இருக்கிறது. கருவறையின் பின்புறம் வளைந்து யானையின் முதுகைப்போல் இருக்கும் தூங்கானை மாட அமைப்பு. 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பல்லவன் அபராசிதவர்மன் காலத்தில், நம்பி அப்பி என்பவர் அதைக் கருங்கல்லில் எடுப்பித்தார். அந்தச் செய்தியைச் சொல்லும் வெண்பா கல்லில் இருக்கிறது. அதைப் பாடியவன் அரசனே என்று கல்வெட்டே குறிக்கிறது. அதில் ஊரின் பெயர் திருத்தணியல். கச்சியப்பர் பல்லவருக்குப் பிந்தியவராகவே பொதுவாகக் கொள்ளப்படுகிறார். ஆகவே செருத்தணி திரிந்து திருத்தணி ஆகவில்லை. ஏற்கெனவே இருந்த பெயருக்குள் புராணம் ஒரு போரை வைத்து, உடனே அதைத் தணியவும் வைத்தது. அப்படி வைப்பதற்கான அனுபவம் அந்த மண்ணுக்கு நிறையவே இருந்தது.

அபராசிதனுக்குப் பிறகு தொண்டைமண்டலம் சோழன் முதலாம் ஆதித்தன் கைக்குப் போயிற்று. அவனுடைய பேரன் இராசாதித்தன், 949-இல் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு நடந்த போரில், யானைமேல் இருந்தபடியே கங்க மன்னன் பூதுகன் கையால் மடிந்தான். 'ஆனைமேற் துஞ்சின தேவர்' என்று சோழர் அவனை நினைவு வைத்தார்கள். அந்தப் போர் நடந்த தக்கோலம், திருத்தணிக்குத் தென்கிழக்கே, அரக்கோணத்தைத் தாண்டியதும் வந்துவிடும். 14-ஆம் நூற்றாண்டில் சம்புவராயர்கள் ஆண்ட தலைநகரின் பெயரே படைவீடு. இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் படவேடு என்று வழங்கும், ரேணுகாம்பாள் கோயிலால் அறியப்படும் ஊர் அதுதான். விசயநகர இளவரசன் குமார கம்பணன் சம்புவராயரை வென்றபின் அந்தப் பகுதி படைவீட்டு இராச்சியம் என்ற மாகாணமானது. அடுத்து வந்த காலத்தின் படைச்சொல் பாளையம். படை இறங்கிய இடத்தைக் குறித்த அந்தச் சொல், படை வைத்துக்கொள்ளும் தலைவனுக்கு விடப்பட்ட நிலத்தைக் குறிக்கலாயிற்று. திருத்தணி அடங்கியிருந்த கார்வேட்டிநகரம் ஜமீன் அப்படிப்பட்ட ஒரு பாளையம். பொம்மராஜபாளையம் என்பது அதன் இன்னொரு பெயர். கும்பினியாரின் காலத்திலும் பட்டாளங்கள் இந்த வழியாகவே வந்தன. 1781 செப்டம்பர் 27-இல் மைசூரின் ஹைதர் அலியும் கும்பினித் தளபதி அயர் கூட்டும் மோதிய சோளிங்கர், திருத்தணிக்கு மேற்கே இருக்கிறது.

தெற்கே காஞ்சிக்கும் வடக்கே சந்திரகிரிக்கும் நடுவில் வாழ்ந்த குடியானவனுக்குப் படைவீடு என்பது ஏட்டுச் சொல்லாக இருந்திருக்க முடியாது. தன் வைக்கோல் போரும் கிணற்று நீரும் யாருக்குப் போகும் என்ற கவலையோடு சேர்ந்த சொல் அது. சினம் தணிந்த சேனாபதி ஒருவன் தங்கள் மலையில் வந்து அமர்ந்துவிட்டான் என்பது அந்தக் குடியானவனுக்கு எத்தகைய ஆறுதல்!

படைக்கும் முருகனுக்கும் உள்ள உறவைப் புராணத்துக்கு வெளியே, மனிதர்களிடத்திலும் காணலாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இராசராசனின் படைப்பிரிவுகள் பல பெயரோடு வருகின்றன. வில்லிகள், ஆனையாட்கள், குதிரைச் சேவகர், வேளைக்காரர் என்ற பெயர்களுக்கு முன்னால் அரசனின் விருதுப் பெயரும் 'தெரிந்த' என்ற அடைமொழியும் இருக்கும். தெரிந்த என்றால் தெரிந்தெடுத்த. வேளைக்காரர் என்போர் வேளை வந்தால் அரசனுக்காக உயிரை விடுவதாக உறுதி செய்துகொண்டவர்கள். இலங்கையின் பொலன்னறுவையில் புத்தரின் பல் வைத்த கோயிலைக் காக்க உறுதி கூறி அவர்கள் பொறித்த 12-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இன்றும் இருக்கிறது.

சோழர் கல்வெட்டுகளில் தெரிஞ்ச கைக்கோளர் என்ற படையினரும் வருகிறார்கள். கைவலிமை உடையவர் என்று பெயருக்குப் பொருள் கூறுவோர் உண்டு. நெசவுக்கு உரிய கைக்கோலோடு பொருத்துவோரும் உண்டு. தறியும் ஈட்டியும் ஒரே கையில் இருந்தன என்பதைத்தான் இரண்டு விளக்கமும் சேர்ந்து காட்டுகின்றன. அந்தச் சமூகத்தின் இன்னொரு பெயர் செங்குந்தர். குந்தம் என்றால் ஈட்டி. ஒட்டக்கூத்தர் பாடியதாக வழங்கும் ஈட்டியெழுபது இவர்களின் வீரத்தைப் பாடுவது. முருகனின் நவவீரர்களே தங்கள் முன்னோர் என்பது செங்குந்தர் மரபு. பல ஊர்களில் சூரசம்ஹார விழாவில் நவவீரர்களாக வேடம் பூணும் உரிமை இன்றும் இவர்களுக்கு உண்டு. திருத்தணியைச் சுற்றியுள்ள அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை, பள்ளிப்பட்டு எல்லாம் தறிச் சத்தம் கேட்கும் ஊர்கள்தான். படைப்பிரிவின் பெயர் குலப்பெயராயிற்று. குலம் முருகனின் சேனையில் தனக்கு ஓர் இடம் கண்டது. இப்படி வாழ்ந்த ஒரு சமுதாயத்தில் ஆற்றுப்படை ஆறுபடை வீடானதை வெறும் செவிப்பிழை என்று ஒதுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

இனி ஐந்தாவது இடம் எப்படித் திருத்தணிக்குக் கிடைத்தது என்பதைப் பார்க்கலாம். நக்கீரர் சொன்ன குன்றுதோறாடல் ஒரே மலையின் பெயரன்று. குன்றுதோறும் ஆடுகிறான் என்றால் எல்லாக் குன்றும் அவனுடையதே. கானவர் தொண்டகப்பறை கொட்ட, மகளிரோடு கைகோத்து ஆடும் குறிஞ்சி நிலத்து முருகன் அவன். அந்தப் பொதுப்பெயருக்கு ஒரே ஒரு மலையைக் காட்ட வேண்டும் என்று பிற்கால மரபு விரும்பியபோது பல குன்றுகளிலிருந்து தணிகை தேர்ந்தெடுக்கப்பட்டது. கந்தபுராணம் அதற்குத் தந்த சிறப்பு, அருணகிரிநாதர் அதன்மேல் பாடிக் குவித்த திருப்புகழ்ப் பாடல்கள், வேடர் குலத்து வள்ளியின் வள்ளிமலை அருகில் இருந்தது, வடவேங்கட எல்லைக்குப் பக்கத்தில் இருந்தது ஆகிய எல்லாம் சேர்ந்தே இதைச் செய்திருக்கும் என்பது என் கணிப்பு. பின்னாளில் கச்சியப்ப முனிவர் தணிகைப் புராணம் பாடினார். இராமலிங்க அடிகள் இளமையில் உருகிப் பாடியதும் தணிகை முருகனையே.

எல்லை என்பது இங்கே வெறும் இலக்கியச் சொல்லாக நிற்கவில்லை. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதில் சேர்ந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதோடு போயிற்று. ம.பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், எல்லை நடுவர் படாஸ்கர் தந்த தீர்வின்படி, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி மீண்டும் தமிழகத்தோடு இணைந்தது. சிறைகளை நிரப்பிய அந்தப் போராட்டத்தில் படை என்று ஒன்று இருந்ததென்றால் அது ஆயுதம் இல்லாத தொண்டர் படை. கோயிலுக்கு இன்றும் தெலுங்கு பேசும் பக்தர்களும் தமிழ் பேசும் பக்தர்களும் ஆடிக் கிருத்திகைக்கு ஒன்றாகத்தான் பூக்காவடி எடுத்துவருகிறார்கள். மாநில எல்லை எங்கே என்பது சரவணப் பொய்கைப் படிக்கட்டில் தெரியாது.

 

இத்தனையையும் வைத்துப் பார்க்கும்போது என் முடிவு இது. ஆறு தலங்களில் பழனிக்கும் சுவாமிமலைக்கும் பழமுதிர்சோலைக்கும் படைவீடு என்ற பெயர் மரபு வழியாக வந்து சேர்ந்தது. அந்தக் கதைகளில் படையே இல்லை. திருப்பரங்குன்றத்தில் படை மணப்பெண்ணின் பெயருக்குள் ஒளிந்திருக்கிறது. சொல்லுக்கு நேர்ப்பொருளில் படைவீடாக நிற்பவை இரண்டு: போருக்கு முன் படை தங்கிய திருச்செந்தூர், போருக்குப் பின் சினம் தணிந்த திருத்தணி. சூரசம்ஹாரம் நடக்காததால் திருத்தணி விதிவிலக்கு என்று நினைப்பது, களத்தையும் வீட்டையும் ஒன்றாகக் கருதுவதால் வரும் மயக்கம். ஆயுதத்தை இறக்கிவைக்கும் இடம்தான் படைவீடு என்றால், அந்தப் பெயருக்கு முழு உரிமை உள்ள மலை திருத்தணிதான்.

திருத்தணிக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மலைக்கோயிலில் தரிசனம் முடித்ததும் உடனே பேருந்து நிலையத்துக்கு விரையாமல், கீழே ஊருக்குள் இருக்கும் வீரட்டானேசுவரர் கோயிலுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். கூட்டம் இருக்காது. ஒரு பல்லவ அரசன் தானே பாடிய தமிழ் வெண்பா அங்கே கல்லில் இருக்கிறது. நேரம் இருந்தால் தக்கோலம் வரைக்கும் போகலாம். மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம் அந்த ஊரில்தான் இயங்குகிறது. 2025-இல் அதற்கு இராசாதித்த சோழன் பெயரைச் சூட்டினார்கள்.